அம்புக்குறி காட்டும் வழியும் ஆள் நடக்கும் வழியும்

"அத்தை, நாங்க புதையல் தேடப் போறோம். நீங்களும் வர்றீங்களா?"

கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்திருந்த என் அண்ணன் மகன் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருப்போரூரில் நான் வாக்கப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் புதையல் எதையும் கண்டதில்லை. சமையல் அறையில் கடுகு டப்பாவுக்குள் நான் ஒளித்து வைக்கிற சில்லறைதான் இந்த வீட்டுப் புதையல். அதையும் என் வீட்டுக்காரர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்!

ஆனால் பையன் சொன்னது நிஜமான விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயராம். ஒருவர் சின்ன டப்பா ஒன்றை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் மற்றவர்களுக்குத் தருவார். தேடுகிறவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடிக்க வேண்டும். டப்பாவுக்குள் இருக்கும் குறிப்புப் புத்தகத்தில் பெயர் எழுத வேண்டும். உள்ளே உள்ள சின்னப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இது பிறந்த கதையும் சுவையானது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துக்காக ஏற்பட்டவை. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சைகையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் நூறு மீட்டர் வரை கூடத் தப்பாகக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3-ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் காட்டுப் பகுதியில் ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் எண்களை அறிவித்தார். சில நாட்களுக்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் முப்பது லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன.

எங்கள் ஊருக்குத் தேடிக் கண்டெடுப்பது புதிதல்ல. பனங்காட்டில் மறைந்திருந்த முருகனைச் சிதம்பர சுவாமிகள் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்பதுதான் திருப்போரூர் கந்தசாமி கோயிலின் தலவரலாறு. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சாளுவன்குப்பத்தில், 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து போன பிறகு பாறைக் கல்வெட்டு வெளியே தெரிய, அதை வைத்துத் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய பழைய முருகன் கோயில் கிடைத்தது. ஆக, இந்த மண் ஒளித்தும் வைக்கும், காட்டியும் கொடுக்கும்!

அன்று நடந்தது

நம் பக்கத்தில் இந்த விளையாட்டு அவ்வளவாகப் பரவவில்லை. எனவே பையன் தானே ஒரு ஏற்பாடு செய்தான். நெம்மேலிப் பக்கம் எங்கள் சொந்தக்காரருக்கு ஒரு சவுக்குத் தோப்பு இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு எண்களை அனுப்பினார்கள். இவனும், பதினான்கு வயதான என் மகளும் தேடுவதாகப் பேச்சு. வெயில் தாழ நாலு மணிக்கு மேல் கிளம்பினோம். எனக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்து, 'தினம் நடக்கணும்' என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தச் சாக்கில் நானும் போனேன்.

திருப்போரூரிலிருந்து நெம்மேலிக்குப் போகிற சாலை உப்பங்கழியையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் கடந்து போகும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. அவன் கையில் இருந்த செயலி ஒரு அம்புக்குறியையும் தூரத்தையும் மட்டும் காட்டியது. '380 மீட்டர்' என்று அது சொன்னதும், "அத்தை, கிட்ட வந்துட்டோம்!" என்று கத்திக்கொண்டு இரண்டு பேரும் சாலையை விட்டு இறங்கி ஓடினார்கள். நான் செருப்பைச் சரிசெய்து நிமிர்வதற்குள் நூறு அடி போய்விட்டார்கள்.

மேலே பார்த்தால் காய்ந்த தரை மாதிரிதான் இருந்தது. பையனுக்கு முழங்கால் வரை இறங்கிவிட்டது. அவனை இழுக்கப் போன என் மகளும் மாட்டிக்கொண்டாள். உதற உதற இன்னும் உள்ளே போகிறது. நான் ஓடப் போனேன்.

"இன்னாம்மா, நீயும் எறங்காத! அங்க உளை கீது, ஆளை முழுங்கிடும்!"

கழித் தண்ணீரில் கையால் தடவி எறா பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா குரல் கொடுத்தார். அவரே தண்ணீர்ப் பக்கமாகச் சுற்றி வந்தார். "ஆடாத, பாப்பா! அப்படியே பின்னால சாஞ்சி உக்காரு" என்றார். கரையில் கிடந்த சவுக்குக் கழி ஒன்றை நீட்டி முதலில் என் மகளையும், பிறகு பையனையும் மெல்ல மெல்ல இழுத்துப் போட்டார். பையனின் ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது நிற்கவே அரைமணி ஆயிற்று.

அந்த அம்மா பையன் கையில் இருந்த போனைப் பார்த்துக் கேட்டார்: "இதுல உளை எங்க கீதுன்னு போட்டிருக்குதா?"

"இல்லைம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டில் எதிர்பார்த்தபடி கச்சேரிதான். 'செயலி' என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் 'ஆப்' என்கிறார்கள். "உங்களுக்கு அது நல்லாவே ஆப்பு வச்சுது. இனிமே புதையலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று என் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் முகம் தொங்கிப் போயிற்று. எனக்கும் மனசு கேட்கவில்லை. குக்கர் ஒருநாள் வெடித்தால் சோறு வடிப்பதையா விட்டுவிடுகிறோம்? ஏன் வெடித்தது என்றுதானே பார்க்கிறோம்! பத்தாவது படித்த நான், பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு ஒரு வாரம் இந்தச் செயலிகளை எல்லாம் சோதித்தேன். தெரிந்துகொண்டதைச் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

டவரும் செயற்கைக்கோளும் வேறு வேறு

'சிக்னல் போயிடுச்சு, இனி ஒண்ணும் தெரியாது' என்று நாம் நினைக்கிறோம். தப்பு. நாம் இருக்கும் இடத்தைப் போன் கண்டுபிடிப்பது செயற்கைக்கோள்களிடமிருந்து வரும் சைகையால். ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சைகை கிடைத்தால் போதும், இடம் தெரிந்துவிடும். நம் நாட்டுக்கும் 'நாவிக்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அதன் முதல் கோள் 2013 ஜூலை 1-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போயிற்று.

இதற்கு டவரும் வேண்டாம், நெட் கார்டும் வேண்டாம். ஆனால் அந்த இடத்தைச் சுற்றியுள்ள படம் நெட் வழியாக வருகிறது. நெட் போனால் புள்ளி இருக்கும், படம் வெறும் சாம்பல் நிறமாகிவிடும். கழி நடுவிலும் தோப்புக்குள்ளும் நெட் இருக்குமா, இருக்காதா என்பது நம் கையில் இல்லை. எனவே செயலியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள விடுவாயா?'

ஒன்று போதாது

ஒரே பாத்திரத்தில் சோறும் குழம்பும் வைக்க முடியுமா? இங்கும் அப்படித்தான். மூன்று வேலை இருக்கிறது.

முதல் வேலை, ஊர் போய்ச் சேருவது. இதற்குக் கூகுள் மேப்ஸ் பலருக்கும் பழக்கமானது. அதன் தேடும் கட்டத்தில் எண்களை அப்படியே தட்டினாலும் இடத்தைக் காட்டும். ஒரு பகுதியின் படத்தை முன்கூட்டியே இறக்கியும் வைக்கலாம். ஆனால் நெட் இல்லாதபோது வண்டியில் போகிற வழியைத்தான் அது சொல்லும். நடக்கிற வழியைச் சொல்லாது. நம் நாட்டுத் தயாரிப்பான மேப்பிள்ஸ் என்ற செயலியும் இருக்கிறது. சாலை வழிக்கு இரண்டையும் வைத்துப் பார்த்து, உங்கள் பக்கத்துச் சந்துபொந்தை எது சரியாகக் காட்டுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை, சாலையை விட்டு இறங்கியபின் நடப்பது. நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். இதற்கு ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் என்று இரண்டு செயலிகளைப் பார்த்தேன். இரண்டும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற பொதுப் படத்தை வைத்து நடப்பவை. 2004-ல் தொடங்கிய அந்தப் படத்தை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து வருகிறார்கள். ஒற்றையடிப் பாதை, ஏரிக்கரை, ஓடை, தோப்பு போன்றவற்றை யாராவது வரைந்திருந்தால் இதில் தெரியும். தமிழ்நாட்டின் படத்தை ஒருமுறை இறக்கிவிட்டால், நெட் இல்லாமலே நடைவழியும் சொல்லும். ஆர்கானிக் மேப்ஸ் இலவசம், விளம்பரமும் கிடையாது. என் போன்றவர்களுக்கு எளிது. ஆஸ்மேண்டில் வசதிகள் அதிகம், தலைவலியும் சற்று அதிகம்! அதன் இலவச வகையில் சில படங்கள்தான் இறக்கலாம்; நமக்கு அது போதும்.

மூன்றாவது வேலை, டப்பாவைத் தேடுவது. பதிவான டப்பாக்களைத் தேடுகிறவர்களுக்கு 'ஜியோகேச்சிங்' என்ற பெயரிலேயே அதிகாரபூர்வச் செயலி இருக்கிறது. சும்மாவும் சேரலாம், பணம் கட்டியும் சேரலாம். டப்பாக்களின் விவரத்தை இறக்கி வைத்துக்கொள்வது போன்ற வசதிகள் பணம் கட்டியவர்களுக்குத்தான். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு 'சி-ஜியோ' என்று தன்னார்வலர்கள் செய்த இலவசச் செயலி உண்டு. டப்பா விவரங்களை முன்பே சேமித்து வைத்துக்கொண்டு நெட் இல்லாமல் தேடலாம். ஐபோனுக்கு இது கிடையாது.

இந்த மூன்றாவது வகைச் செயலியில்தான் அம்புக்குறி வரும். அது காட்டுவது காக்கை பறக்கிற வழி. காக்கைக்குக் கால்வாய் ஒரு பொருட்டா, முள்வேலி ஒரு பொருட்டா? நமக்கு அப்படியா? '380 மீட்டர்' என்று எங்கள் போன் சொன்ன அதே இடத்துக்குப் பாலம் வழியாகச் சுற்றி நடந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அம்பு பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் அதைப் பாதை என்று எடுத்துக்கொண்டோம். இடம் எங்கே என்று அம்பு சொல்லும். எப்படிப் போவது என்று படம்தான் சொல்லும்.

எண்ணில் ஏமாறாதீர்கள்

இந்த விளையாட்டில் எண்களைப் பாகை, நிமிடம் என்று எழுதுவது வழக்கம். உதாரணமாக, எங்கள் கோயில் பக்கம் ஏறத்தாழ வடக்கு 12 பாகை 43.5 நிமிடம், கிழக்கு 80 பாகை 11.3 நிமிடம். அறுபது நிமிடம் சேர்ந்தால்தான் ஒரு பாகை. எனவே இதைப் பாகைக் கணக்கில் மட்டும் எழுதினால் 12.725, 80.188 என்று வரும்.

என் மகள் அவசரத்தில் 12.435, 80.113 என்று தட்டினாள். போன் 30 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, கல்பாக்கத்தையும் தாண்டி ஒரு இடத்தைக் காட்டியது! புள்ளி வைக்கும் இடத்தில் இவ்வளவு இருக்கிறது. எண்களைத் தட்டியதும், படத்தை விலக்கி, 'இது நம்ம ஊர்ப் பக்கம்தானா?' என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நிமிடத்தில் மூன்றாவது தசம இடம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர். எனவே கடைசி எண்ணையும் விடாமல் எழுத வேண்டும்.

கடைசிப் பத்தடி

திறந்த வெளியில் நல்ல செல்போன் சுமார் 5 மீட்டருக்குள் காட்டும். அடர்ந்த மரத்தடியிலும் பெரிய கட்டடத்தின் பக்கத்திலும் பிழை கூடும். ஆகவே 'இங்கேதான்' என்று போன் சொன்னதும் அதைப் பைக்குள் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு கண்தான் வேலை செய்ய வேண்டும். வழக்கத்துக்கு மாறாக அடுக்கிய கல், இடம் மாறிய ஓடு, தனியாகச் செருகிய சுள்ளி என்று தேட வேண்டும். அரிசியில் கல் பொறுக்கிய கைகளுக்கு இது கஷ்டமே இல்லை!

அம்பு கிறுகிறுவென்று சுற்றினால், போனைக் காற்றில் 8 போடுவது போல் இரண்டு மூன்று தடவை ஆட்டினால் சரியாகும். காந்தப் பொத்தான் வைத்த உறை இருந்தால் கழற்றிவிடுங்கள்; காந்தம் திசைகாட்டியைக் குழப்பும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

எந்தச் செயலி என்று முடிவு செய்ய நான் செய்த சோதனை இது. பத்து நிமிடம் போதும்.

1. படத்தை இறக்கியபின் நெட்டை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். நாம் இருக்கும் புள்ளி நம் வீட்டின் மேல் விழுகிறதா?

2. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஏரிக்கரைப் பாதையோ, வாய்க்காலோ அதில் இருக்கிறதா?

3. கோயில் எண்ணைத் தட்டினால் கோயிலைக் காட்டுகிறதா?

4. எழுத்து, கண்ணாடி போடாமல் படிக்கும்படி இருக்கிறதா? வெயிலில் தெரிகிறதா?

இந்த நான்கிலும் தேறினால் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் நல்லதென்று சொன்னார்கள் என்பதற்காக மட்டும் வேண்டாம். அவர்கள் போகிற இடம் வேறு, நாம் போகிற இடம் வேறு.

கிளம்புமுன்

திரை எரிந்துகொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். எண்களையும் வீட்டுப் போன் நம்பரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர். நம் கடற்கரைப் பக்கத்து வேர்வைக்கு உப்புப் போட்ட மோர் நல்லது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு பிஸ்கட்டாவது கையில் வைத்திருக்க வேண்டும். வெறுங்காலோடு போக வேண்டாம். சவுக்குச் சருகுக்குள் விரியன் இருக்கலாம். குச்சியால் தட்டிப் பார்க்காமல் கையை விடாதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது என்று நேரத்தை வீணாக்காமல், நடக்க விடாமல், 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒளித்து வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் விதி. மாமல்லபுரம் 1984-லிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே கல்லிடுக்கில் டப்பா வைக்கும் எண்ணமே வேண்டாம். கூட்டம் கூடும் இடத்தில் கேட்பாரற்ற டப்பா கிடந்தால் ஜனங்கள் வெடிகுண்டென்று பயப்படுவார்கள். கண்ணாடி போல் உள்ளே தெரிகிற டப்பாவில், இது விளையாட்டுக்கானது என்று தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். சாப்பிடும் பொருள் எதையும் வைக்காதீர்கள். எறும்பும் நாயும்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

மறுபடியும் போனோம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். "நானும் வர்றேன். உங்களைத் தனியா அனுப்பினா மிச்ச செருப்பும் போயிடும்" என்று சொல்லிக்கொண்டு என் வீட்டுக்காரரும் கூட வந்தார். பாலம் தாண்டும்வரை சாலைப் படம், தோப்பு வரை நடைப் படம், தோப்புக்குள் அம்பு. போன் 'இங்கே' என்றதும் பைக்குள் போட்டோம். பத்து நிமிடம் தேடினோம். வெட்டி அடுக்கியிருந்த சவுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய ஊறுகாய் டப்பாவை என் மகள்தான் பார்த்தாள்.

உள்ளே ஒரு பம்பரம், ஒரு விசில், நாலு கோலிக்குண்டு, ஒரு குட்டி நோட்டு. பையன் பம்பரத்தை எடுத்துக்கொண்டு தன் ஊர் நாணயம் ஒன்றை வைத்தான். நோட்டில் முதல் ஆளாகப் பெயர் எழுதியவர் யார் தெரியுமா? புதையலும் வேண்டாம், மண்ணும் வேண்டாம் என்றாரே, அவரேதான்!

திரும்பும்போது அந்த எறா பிடிக்கும் அம்மாவைப் பார்த்து, வெற்றிலை பாக்கு, பழத்தோடு ஒரு புடவை கொடுத்துக் கும்பிட்டேன். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று வெட்கப்பட்டார். பிறகு எங்கள் கூடவே கரையில் நடந்து, இங்கிருந்து இதுவரை உளை, மழைக்குப் பிறகு இன்னும் இவ்வளவு தூரம் பரவும், இந்த வரப்பு மட்டும் கெட்டி என்று கையால் காட்டினார். என் மகள் ஒவ்வொரு இடத்திலும் நின்று எண்களைக் குறித்துக்கொண்டாள்.

நான் முன்பு சொன்ன அந்தப் பொதுப் படத்தில் யார் வேண்டுமானாலும் தமக்குத் தெரிந்ததைச் சேர்க்கலாம். அன்று இரவே அவள் உட்கார்ந்து அந்த இடத்தைச் சதுப்பு என்று குறித்தாள். கெட்டியான வரப்பை நடைபாதையாக வரைந்தாள். அந்த அம்மா பார்வையால் அறிந்து வைத்திருந்தது இப்போது படத்தில் ஏறிவிட்டது.

இனிமேல் யாராவது ஒரு பிள்ளை அங்கே அம்பைப் பார்த்துக்கொண்டு ஓடி வரலாம். அதன் போனிலாவது உளை எங்கே என்று போட்டிருக்க வேண்டும்.